கேட்டாத்தான் கயிறு

அந்த நாலு டயரு மேல கைய வைக்காதீங்க சார். அது கடைச் சரக்கு இல்ல, என்னோடது. இப்பத்தான் காஜா பாய் என் ஜீப்புல இருந்து கழட்டிச் சுவத்துல சாச்சு வெச்சாரு. சேறு காஞ்சு ஒட்டியிருக்கு, வெள்ளைச் சட்டை அழுக்காயிரும்.

உக்காருங்க. என் வண்டிய முடிச்சிட்டுத்தான் பாய் உங்ககிட்ட வருவாரு. மட் டயர் போடணும்னு நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு. வெளிய நிக்கிறது உங்க வண்டியா? ஃபோர் வீலு? நல்லாருக்கு, புது மாப்பிள்ளை கணக்கா நிக்குது. எந்த ஊரு, மதுரையா? மதுரையில எங்க சார் சேறு? வருசத்துக்கு ஒருக்கா மலைக்கு வருவீங்க, மத்த நாளெல்லாம் தாரோட்டுல ஓட்டணும். தாரோட்டுல இது போடுற சத்தம் இருக்கே, உள்ள உக்காந்து பொஞ்சாதிகூடச் சண்டை போட முடியாது, ஒண்ணும் கேக்காது. மழையில நனைஞ்ச ரோட்டுல பிரேக்கை மிதிச்சா நீங்க சொன்ன எடத்துல நிக்காது, அது நெனச்ச எடத்துலதான் நிக்கும்.

அப்புறம் நீ எதுக்குய்யா போட்டேன்னு கேப்பீங்க. நான் சேத்துக்காகப் போடல சார். ஒருத்தனுக்காகப் போட்டேன்.

தங்கமாயன்னு பேரு. பேரைச் சொன்னாலே வயிறு எரியுது. நான் சுருளிவேலு, மேல மஞ்சப்பாறை. போடியில இருந்து ஏறணும். பாதி தூரம் தாரு, பாதி மண்ணு. பஸ்ஸு கிடையாது, ஜீப்புதான். தோட்டத்துக்குப் போற ஆளு, அரிசி மூட்டை, சீக்காளி, பிள்ளைத்தாச்சி எல்லாம் ஜீப்புலதான். அவனும் அதே ஸ்டாண்டுல ஜீப்பு ஓட்டுறான். என்னைய அண்ணே அண்ணேம்பான். என் மக அவனைச் சித்தப்பாம்பா. அம்புட்டு நெருக்கம். நெருங்கினவன்தான சார் சரியா குறி பாத்து அடிக்க முடியும்?

எங்க ஸ்டாண்டுல ஒரு கட்டுப்பாடு இருக்கு. ஊத்துமேட்டு வளைவுன்னு ஒரு எடம். பாறையிடுக்குல தண்ணி கசிஞ்சுக்கிட்டே கெடக்கும், மழை விழுந்துச்சுன்னா முழங்கால் சகதி. எவன் வண்டியும் அங்க மாட்டும். மாட்டினா, பின்னாடி வர்றவன் தானா கயிறு போட்டு இழுக்கக்கூடாது. மாட்டினவன் வாயைத் தொறந்து, 'கயிறு குடுப்பா'ன்னு கேக்கணும். கேட்டா இல்லேங்கக்கூடாது, எம்புட்டுப் பகையா இருந்தாலும். கேக்காம இழுத்தா அது டிரைவரைக் கேவலப்படுத்துற மாதிரி. உனக்கு ஓட்டத் தெரியல, எறங்குன்னு சொல்ற மாதிரி. கேட்டாத்தான் கயிறு. எங்கப்பன் காலத்துல இருந்து இதான்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, என் மக பாண்டிமீனாவைப் பொண்ணு பாக்க கம்பத்துல இருந்து வந்தாய்ங்க. அவய்ங்க வேன் மேல ஏறாது, அதனால அடிவாரத்துல எறக்கி என் ஜீப்புல ஏத்துனேன். மாப்பிள்ளை, அவரு அம்மா, அத்தை, மாமன், பூத்தட்டு, பழத்தட்டு. அன்னைக்குன்னு முந்தின நாள் மழை. ஊத்துமேட்டுல வண்டி உக்காந்துருச்சு. என் டயரு மொட்டைன்னு பின்னாடி ஊரெல்லாம் பேசினாய்ங்க. மொட்டை எல்லாம் இல்ல சார். லேசாத் தேஞ்சிருந்துச்சு, அம்புட்டுத்தான்.

நான் எறங்கிக் கல்லுக் குடுத்து, முன்னாடி பின்னாடி ஆட்டி எடுத்திருப்பேன். கொஞ்ச நேரம் விட்டிருந்தா எடுத்திருப்பேன். பின்னாடியே வந்தான் தங்கமாயன். என்னைய ஒரு வார்த்தை கேக்கல. விறுவிறுன்னு எறங்கி என் வண்டியில கொக்கிய மாட்டிட்டான். 'டேய், நான் கேக்கலடா'ங்குறேன். 'ராகுகாலம் வந்துரும்ணே'ங்குறான். ஒரே இழு, வண்டி மேல வந்துருச்சு. அத்தோட விட்டானா? என் முன்டயரைக் காலால தட்டி, சம்பந்தி வீட்டுக்காரவுக அம்புட்டுப் பேரும் கேக்குற மாதிரி, 'ஏண்ணே, வண்டிக்கு டயரு போட்டிருக்கீகளா, செருப்பு போட்டிருக்கீகளா?'ன்னான்.

மாப்பிள்ளையோட அம்மா இருக்கே, அது வாயில முந்தானையை வெச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்குது. வீடு வந்து சேர்ற வரைக்கும் சிரிப்பு அடங்கல. அந்தச் சிரிப்புலதான் கூச்சம் விட்டுப்போயி அந்தம்மா என் மககூட ஒட்டிக்கிச்சு, அதுலதான் சம்பந்தமே முடிஞ்சதுன்னு என் பொஞ்சாதி பேச்சியம்மா சொல்லுவா. அவளுக்கு என்ன தெரியும். என் மானம் கப்பலேறினது அவளுக்குத் தெரியுமா?

அன்னையில இருந்து எனக்குப் பேரே மாறிப்போச்சு. செருப்பண்ணே. டீக்கடையில செருப்பண்ணனுக்கு ஒரு டீ. தோட்டத்துப் பொம்பளைக, 'செருப்பண்ணே, என்னைய எறக்கி விடுங்க.' பெரியவுக சின்னவுக வித்தியாசம் இல்ல. அவய்ங்க பாசமாத்தான் கூப்புடுறாய்ங்கன்னு மாயன் சொல்லுறான். பாசம்! இவன் பேரு வெச்சுட்டு இவனே பொழிப்புரையும் சொல்லுறான்.

கருவிக்கிட்டே இருந்தேன் சார். கல்யாணத்துல அவன் பந்தி பரிமாறுனான், நான் அவன் மொகத்தைப் பாக்கல. ஒரே ஒரு ஆசைதான். அவன் வண்டி ஊத்துமேட்டுல உக்காரணும். நான் மேல கயிறோட நிக்கணும். அவன் வாயால கேக்கணும். கேட்டாப் போதாது, 'என் டயருதான் செருப்புண்ணே, கயிறு குடுங்க'ன்னு நாலு பேரு முன்னாடி சொல்லணும். அதுக்கு என் வண்டி அந்தச் சகதியில எப்பவும் மாட்டக்கூடாதுல்ல? அதுக்குத்தான் மட் டயரு.

இதே கடைதான், இதே ஸ்டூலுதான். இந்தா இருந்து அந்தா வரைக்கும் அகலமா ஒரு டயரைக் காட்டி, 'பாய், இதைப் போடுங்க, பாத்தாலே பயப்படணும்'னேன். பாய் மாட்டேன்னுட்டாரு. 'உங்க வளைவுல சகதிக்குக் கீழ பாறை இருக்கு. அகலமா இருந்தா சகதி மேல மெதக்கும், வழுக்கும். ஒல்லியா இருந்தாத்தான் வெட்டிக்கிட்டு எறங்கிப் பாறையப் பிடிக்கும்'னாரு. பயப்படுத்தவா, ஏறவான்னு கேட்டாரு. ரெண்டும் வேணும்னேன். ரெண்டும் ஒரே டயருல கெடைக்காதுன்னுட்டாரு. கடைசில இந்த ஒல்லி. பாருங்க, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல வெரலு போகுதா? அந்த எடைவெளி இருந்தாத்தான் சகதி உள்ள அடைஞ்சு நிக்காம, சுத்துறப்பவே தெறிச்சு வெளிய போகும். நெருக்கமா இருந்தா ரெண்டு சுத்துல சேறு அப்பிக்கிட்டு டயரு பணியாரம் ஆயிரும். ஓரத்துலயும் பல்லு இருக்கா? பள்ளத்துச் செவரைப் பிடிச்சு ஏற அது. வாங்குனா இதெல்லாம் பாத்து வாங்குங்க. சகதியில எறங்குமுன்ன காத்தைக் கொறைக்கணும், தாரோட்டுக்கு வந்ததும் திரும்பப் பிடிக்கணும். சோம்பேறிக்கு இந்த டயரு ஆகாது.

கூடவே செவப்புல பட்டைக் கயிறு ஒண்ணு வாங்குனேன். அவன் கழுத்துக்கு மாலை வாங்குற மாதிரி பாத்துப் பாத்து வாங்குனேன்.

இந்த வருசம் ஆனியிலேயே மலையில மழை பிடிச்சிருச்சு. ஊர்க்கூட்டத்துல, ஊத்துமேட்டுல கல்லு கொட்டி மெத்திரலாம்னு பேச்சு வந்துச்சு. தோட்டத்துக்காரவுக கல்லு தர்றேன்னுட்டாய்ங்க, ஆளுக்கு ஒருநா வேலை செஞ்சாப் போதும். நாந்தான் எந்திரிச்சேன். கல்லு கொட்டினா தண்ணி தேங்கி மேல ரோடு அரிச்சுரும், ஊரே சரிஞ்சுரும்னு ஒரு போடு போட்டேன். எனக்கே தெரியாது சார் அது உண்மையா பொய்யான்னு. கல்லு கொட்டிட்டா அவன் எங்க மாட்டுறது? மாயன் மட்டும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். பாவி, அப்பவாவது சண்டைக்கு வந்திருந்தா நல்லாருந்திருக்கும்.

மழை பெஞ்சா நான் வளைவுக்கு மேல போயி நின்னுருவேன். சவாரி போனாப் போகட்டும். அவனைத் தவிர மத்த எல்லாரும் வந்து மாட்டுறாய்ங்க சார்! பால்வண்டி மாட்டுது, கேக்குறான், இழுக்குறேன். ரேசன் வண்டி மாட்டுது, இழுக்குறேன். வாத்தியாரு பைக்கோட மாட்டிக்கிட்டு நிக்கிறாரு, அவரையும் இழுக்குறேன். கேட்டா இல்லேங்கக்கூடாதே, என்ன செய்ய? தோட்டத்துப் பொம்பளைக, 'செருப்பண்ணே, நீ மகராசனா இருக்கணும்'னு கையெடுத்துக் கும்புடுதுக. எனக்குப் பத்திக்கிட்டு வருது. உங்களுக்காகவா நான் நிக்கிறேன்?

அவன் வரவே மாட்டான். மழை கனத்துச்சுன்னா வண்டிய ஓரங்கட்டிட்டு டீ குடிச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பான். தண்ணி வடியட்டும், அப்புறம் போவோம்பான். அவனெல்லாம் ஒரு டிரைவரா?

ஆவணி மாசம் அந்த நாளு வந்துச்சு. என் மகளுக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு முடிஞ்சு, தலைப்பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்கு வர்றா. மாப்பிள்ளைக்கு லீவு இல்லைன்னு பக்கத்து வீட்டம்மா தொணைக்கு வந்து போடியில விட்டுட்டுப் போகுது. 'மத்தியானம் பஸ்ஸு வந்துரும், முன்னாடியே போயி நில்லுங்க'ன்னு பேச்சியம்மா காலையில இருந்து பத்துத் தடவை சொல்லிட்டா. சரின்னு கெளம்பினேன். வளைவுக்கிட்ட வந்தா மழை கொட்டுது. காலையில வெயிலடிக்கிறப்ப மாயன் கீழ போனது எனக்குத் தெரியும். கீழ போனவன் மேல வந்துதான ஆகணும்? என்னைக்கும் சிக்காதவன் இன்னைக்குச் சிக்குறான். கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போவோம்னு வண்டியத் திருப்பி நிறுத்துனேன்.

மகளை மறந்துட்டேன்னு ஊர்ல சொல்லுறாய்ங்க. மறக்கல சார். தள்ளிப்போட்டேன். அங்க செல்லுல டவரு கெடையாது, அதுக்கு நான் என்ன பண்றது?

பொறுமையா ஒக்காந்திருந்தேன். கீழ இருந்து எஞ்சின் சத்தம். அவன் வண்டிதான். படுதாவெல்லாம் எறக்கிக் கட்டி, ஊர்ந்து ஊர்ந்து வர்றான். எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது, கல்யாணத்தன்னிக்குக்கூட அப்பிடி அடிக்கல. வளைவுக்குள்ள எறங்குனான். பின் டயரு சுத்துது, சுத்துது, உக்காந்துருச்சு! கம்பத்தை நட்ட மாதிரி உக்காந்துருச்சு. அவனுக்குப் பின்னாடி தோட்டத்து ஜீப்பு ஒண்ணு, உள்ள பத்துப் பதினஞ்சு பேரு. கூட்டமும் தானா வந்துருச்சு. சாமி என் பக்கம்னு நெனச்சேன்.

கயிறைத் தோள்ல போட்டுக்கிட்டு எறங்குனேன். அவன் மழையில நனைஞ்சுக்கிட்டு ஓடி வர்றான். 'அண்ணே, கயிறு குடுங்கண்ணே.' மொத வார்த்தையே அதான். 'என்னாது, கேக்கல'ன்னேன். 'கயிறு குடுங்கண்ணே. உள்ள'ன்னு என்னமோ சொல்ல வந்தான். நான் விடல. 'உள்ள யாரு இருந்தா எனக்கென்னடா? முழுசாக் கேளு. யாரு டயரு செருப்பு, அதைச் சொல்லிக் கேளு'ன்னேன்.

கொஞ்சம் முறைப்பான், மல்லுக்கு நிப்பான்னு எதிர்பாத்தேன் சார். ரெண்டு வருசமா அவன் முறைக்கிறதையும் அப்புறம் எறங்கி வர்றதையும் மனசுக்குள்ள ஓட்டிப் பாத்திருக்கேன். அவன் என்ன செஞ்சான் தெரியுமா? கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள, 'என் டயருதான் செருப்புண்ணே, கயிறு குடுங்க'ன்னுட்டான். ஒரு கூச்சம், ஒரு வெக்கம்? ஒண்ணுமில்ல. உப்பு இருக்கான்னு கேக்குற மாதிரி சொல்லுறான். எனக்குக் கோவம் தலைக்கேறிருச்சு. 'அங்க நிக்கிறவுகளுக்குக் கேக்கல, சத்தமாச் சொல்லு'ன்னேன். திரும்பி நின்னு, தொண்டை கிழிய இன்னொரு தடவை சொன்னான்.

ஒருத்தரும் சிரிக்கல சார். அம்புட்டுப் பேரு இருக்காய்ங்க, ஒருத்தர் பல்லுகூடத் தெரியல.

அப்பத்தான் படுதா தூக்குச்சு. உள்ள என் மக.

எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கா. 'பஸ்ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் நின்னேன்ப்பா. சித்தப்பாதான் பாத்துட்டு, மழை விட்டுப் போவோம்னாரு. எனக்கு இடுப்பு வலிக்குது, வீட்டுக்குப் போயிப் படுக்கணும்னேன். அதுக்குத்தான் கெளம்புனாரு'ன்னா. மெதுவாத்தான் சொன்னா. அப்புறம் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, அந்தச் சகதியில எறங்கிட்டா. 'ஏறும்மா, இந்தா இழுத்துர்றேன்'னு நான் கத்துறேன். 'அந்தக் கயிறு கட்டுன வண்டியில நான் ஏற மாட்டேன்'னுட்டா. என் வண்டியையும் தாண்டிப் போறா. மாயன் தார்ப்பாய் ஒண்ணை உருவி அவ தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே போறான். தோட்டத்துப் பொம்பளைக எறங்கி ஆளுக்கொரு பக்கம் கைத்தாங்கலாப் பிடிச்சுக்கிருச்சுக. கல்லு கொட்டியிருந்தா இந்தக் கதி உண்டான்னு ஒருத்தி என் காதுபடச் சொல்லிட்டுப் போறா.

நான் கயிறோட நிக்கிறேன். எதிர்ல அவன் வண்டி. ஸ்டீரிங்கைப் பிடிக்க ஆளில்ல, நான் எங்க இழுக்குறது? ரெண்டு வருசம் காத்துக் கெடந்து, கடைசியில அவன் வண்டிய ஒரு அடிகூட நான் இழுக்கல சார். அதுலயும் அவந்தான் ஜெயிச்சான். உள்ள மீனா இருக்கான்னு அந்த எழவை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நான் சொல்ல விடலையாம். நான் விடலைன்னா விட்டுருவானா? எனக்கு மேல சத்தம் போட்டிருக்கலாம்ல? வேணும்னே பண்ணியிருக்கான். நான் சொல்லச் சொன்னதைச் சொல்லியே என்னைய மொட்டையடிச்சுட்டான்.

வீட்டுல மூணு மாசமா மக என்கூடப் பேசல. சோத்தைப் போட்டு வெச்சுட்டு நகந்துருவா. வலி வந்தன்னைக்கு நான் வண்டிய எடுத்து வாசல்ல நிறுத்துனேன். டயரைப் பாத்தா. 'சித்தப்பாவைக் கூப்புடும்மா'ன்னு அவ அம்மாகிட்டச் சொல்லிட்டா. அவன் வண்டி முன்னாடி போகுது, பிள்ளைத்தாச்சிய ஏத்திக்கிட்டு. என் வண்டி காலியாப் பின்னாடி போகுது. அன்னைக்கும் அவன் ஊத்துமேட்டுல மாட்டல. மாட்டுடா மாட்டுடான்னு மனசுல ஒரு பக்கம் ஓடுது, மாட்டிராதடா மாயான்னு இன்னொரு பக்கம் ஓடுது. பகையைக்கூட நிம்மதியா வெச்சுக்க விடாத பய.

ஆம்பளப்பிள்ளை சார். கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தேன். மூக்கு எங்கப்பன் மூக்கு. இன்னைக்குச் சாயந்தரம் ஆஸ்பத்திரியில இருந்து அனுப்புறாக. நேத்து பேச்சியம்மா வந்து சொன்னா. 'அந்த டயரு மாட்டின வண்டியில என் பிள்ளைய ஏத்த மாட்டேன். அதைக் கழட்டிட்டு வந்தா அவரு பேரனை அவரே கூட்டிட்டுப் போகட்டும்.' அப்பிடி மீனா சொல்லிவிட்டிருக்கா. அவ சொன்னா, நான் கழட்டிட்டேன். மூணு மாசத்துல அவ எனக்குன்னு சொல்லிவிட்ட மொத வார்த்தை அது.

நம்ம வண்டி சைசுக்குப் பாய்கிட்ட சாதா ரோட்டு டயருதான் இருக்காம். அந்தா மாட்டுறாரு பாருங்க, வழவழன்னு. மானத்தைப் பாத்தீங்களா, மலைப்பக்கம் கறுத்துக்கிட்டு வருது. கார்த்திகை மழை. இந்த டயரோட போனா ஊத்துமேட்டுல கண்டிப்பா உக்காருவேன். மாயன் இப்ப என்ன பண்றான் தெரியுமா? வளைவுல போயி நிக்கிறானாம். பிள்ளை வர்ற நாளாம், சும்மா நிக்கிறானாம். அவன் வண்டி கொக்கியில கயிறு தொங்குதாம், பால்காரன் சொன்னான். அன்னைக்கு மாதிரி கேக்காம வந்து மாட்டிரலாம்னு பாக்குறான். பெரிய மனுசனாயிரலாம்னு பாக்குறான்.

விட்டுருவேனா? அவன் எறங்குறதுக்கு முன்னாடி நான் எறங்கிருவேன். அவன் ரெண்டு தடவைதான சொன்னான்? நான் மூணு தடவை சொல்லுவேன். என் டயருதான் செருப்புடா மாயா, கயிறு குடுடா, உள்ள என் பேரன் இருக்கான்னு, மலையெல்லாம் கேக்குற மாதிரி கத்துவேன். தோட்டத்து ஆளுக கேக்கட்டும், என் மக கேக்கட்டும். அதுக்கப்புறம் அவன் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு என்னைய ஜெயிச்சேம்பான்? நாளன்னைக்கு அந்த வளைவுல மொதக் கல்லைத் தூக்கிப் போடுறதும் நாந்தான். அவன் ரெண்டாவதாப் போடட்டும்.

டயரை எடுத்துக்கங்க சார், பாய் சொல்ற வெலையக் குடுங்க. மதுரையில என்னத்துக்கு ஆகுமோ. இந்தாங்க, இந்தச் செவப்புக் கயிறையும் வெச்சுக்கங்க. இது என் வண்டியில கெடந்தா, நீயே கயிறு வெச்சிருக்கியே, எங்கிட்ட எதுக்குண்ணே கேக்குறேம்பான்.

பாய், போதும், நட்டை நல்லா இறுக்கிட்டீங்கள்ல? இன்னொரு தடவை பாத்துருங்க. பச்சப்பிள்ள வருது.